முதுகு வலிக்கு எதுக்கு மனச்சோர்வு மாத்திரை? ஒரு பழைய சண்டையின் கதை

"முதுகு வலின்னுதானே வந்தேன் டாக்டர்? மெடிக்கல்ல கேட்டா இது மனநோய் மாத்திரைன்னு சொல்றாங்களே?"

நாள்பட்ட வலிக்குச் சிகிச்சை தரும் எந்த மருத்துவரும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. நேரா வந்து கேட்கிறவங்க பரவாயில்லை, உட்கார வச்சுப் பேசிடலாம். கேட்காமப் போறவங்கதான் கவலை. மாத்திரைப் பெயரை கூகுள்ல தேடிப் பார்த்து, "இந்த டாக்டர் நம்ம வலியை நம்பல, பைத்தியம்னு நினைச்சுட்டார்"னு முடிவு பண்ணி, மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டு அடுத்த ஆஸ்பத்திரியில் அடுத்த எம்ஆர்ஐ எடுக்கப் போயிடுவாங்க.

அவங்க கோபத்தில் நியாயம் இருக்குங்க. "உன் வலி உடம்பில் இல்லை, மனசில் இருக்கு" என்று நோயாளிகளை அவமானப்படுத்திய வரலாறு எங்கள் துறைக்கு உண்டு. வலிக்கும் மனநிலைக்கும் என்ன உறவு என்று மருத்துவம் போட்ட சண்டையில் தப்பான முடிவுகள் வந்திருக்கு, ஆட்கள் பாதிக்கப்பட்டிருக்காங்க. நடுவில் சில நல்ல மனிதர்களும் வந்து போயிருக்காங்க.

அந்தக் கதைதான் இந்த இழை. கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

பிரெஞ்சு தத்துவஞானி டெகார்ட்டிடம் இருந்து ஆரம்பிப்போம். அவர் இறந்து 14 ஆண்டுகள் கழித்து, 1664ல் அவருடைய நூல் ஒன்று பிரெஞ்சில் வெளியானது. அதில் ஒரு படம். நெருப்புக்குப் பக்கத்தில் ஒரு ஆள் காலை வச்சிருக்கார். காலிலிருந்து மூளை வரைக்கும் ஒரு நூல் மாதிரி கோடு. கீழே கயிற்றை இழுத்தா மேலே மணி அடிக்குற மாதிரிதான் வலியும் என்றார் டெகார்ட்.

கோயில் மணி கணக்குதான். கயிறு இழுத்த அளவுக்கு மணி அடிக்கும். காயம் எவ்வளவோ வலியும் அவ்வளவு.

சும்மா சொல்லக் கூடாது, அந்தக் காலத்துக்கு அது பெரிய சிந்தனை. எலும்பு முறிவு, குடல்வால் வீக்கம் மாதிரி திடீர் வலிகளுக்கு இன்னிக்கும் ஓரளவு பொருந்தும். சிக்கல் எங்கேன்னா, கயிற்றை யாருமே இழுக்கலை, ஆனா மணி அடிச்சுக்கிட்டே இருக்கு என்கிற நிலைமைக்கு இந்தப் படத்தில் இடமே இல்லை. அப்படி ஒருத்தர் வந்து நின்னா, ஒண்ணு அவர் பொய் சொல்றார், இல்லேன்னா அவர் மனசு சரியில்லை. "ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லையே, அப்புறம் எப்படிங்க வலிக்கும்?" என்று இன்று நாம கேட்கிறோமே, அது 350 வருஷப் பழைய கேள்வி.

அடுத்து அமெரிக்க உள்நாட்டுப் போர். ஃபிலடெல்ஃபியா நகரில், நரம்பில் குண்டடி பட்ட சிப்பாய்களைப் பார்த்துக்கொண்டவர் சைலஸ் வெயர் மிட்செல் என்ற மருத்துவர். தோட்டா துளைச்ச புண் ஆறிப் போச்சு. ஆனா கையும் காலும் தீயில் வச்ச மாதிரி எரியுது. சிலர் எந்நேரமும் கையில் ஈரத்துணி சுத்திக்கிட்டுத் திரிஞ்சாங்க. சிலர் பூட்ஸுக்குள்ள தண்ணி ஊத்திக்கிட்டு நடந்தாங்க. பக்கத்தில் யாராவது பேப்பரைச் சரசரன்னு திருப்பினாக்கூடத் தாங்க முடியலை.

1864ல் மிட்செலும் அவருடைய இரண்டு சகாக்களும் இதை ஒரு நூலாக வெளியிட்டார்கள். 1872ல் அவர் எழுதிய அடுத்த நூலில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒரு கவனிப்பு. இப்படி வலி நீடிச்சா நல்ல குணமுள்ளவனும் சிடுசிடுப்பாகிறான், துணிச்சலான சிப்பாயும் கோழையாகிறான் என்று எழுதுகிறார். அதாவது, மனசு கெட்டதால் வலி வரலை. வலி நீடிச்சதால் மனசு கெட்டது. திசையைச் சரியாகப் பார்த்தவர் அவர்.

ஆனா அதே மிட்செல்தான், கண்ணுக்குத் தெரியும் காயம் எதுவும் இல்லாத பெண்கள் சோர்வு, வலி, நரம்புத் தளர்ச்சி என்று வந்தபோது, படுக்கையை விட்டு எழுந்திருக்கவே கூடாது, படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, கொழுப்பா சாப்பிடணும் என்று "ஓய்வுச் சிகிச்சை" கொடுத்து அதற்காகவே புகழ் பெற்றவர். அந்தச் சிகிச்சைக்கு ஆளான எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன், அதில் தனக்கு மூளையே கலங்கும் நிலை வந்தது என்று பின்னர் பதிவு செய்தார். அந்த அனுபவத்தை வைத்து 1892ல் அவர் எழுதிய சிறுகதையை இன்றும் கல்லூரிகளில் படிக்கிறார்கள்.

ஆணுக்குத் தோட்டா இருந்தது, நம்பினாங்க. பெண்ணுக்கு அது இல்லை. இந்தப் பாகுபாடு இன்னிக்கு வரைக்கும் முழுசாப் போகலை. வீட்டில் அம்மாவுக்கு இடுப்பு வலின்னா "சும்மா சொல்றாங்க", அப்பாவுக்குன்னா ஆர்த்தோ அப்பாயின்ட்மென்ட். நான் தினம் பார்க்கிறது.

இப்போ இரண்டாம் உலகப் போருக்கு வருவோம். 1944, இத்தாலியின் ஆன்சியோ கடற்கரை. ஹென்றி பீச்சர் என்ற ஹார்வர்டு மயக்க மருந்து நிபுணர் அங்கே ராணுவ மருத்துவர். எலும்பு நொறுங்கியவர்கள், வயிற்றிலும் நெஞ்சிலும் குண்டு பாய்ந்தவர்கள் வரிசையாக வருகிறார்கள். நினைவு தெளிவாக இருந்தவர்களிடம் மட்டும் பீச்சர் ஒரே கேள்வி கேட்டார்: வலிக்கு ஏதாவது மருந்து வேணுமா?

சுமார் முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றார்கள். அவங்களுக்கு உணர்ச்சி மரத்துப் போகலை. நரம்பில் ஊசியைத் தப்பாகக் குத்தினா சாதாரண ஆள் மாதிரிதான் கத்தினாங்களாம்.

1946ல் இதை வெளியிட்ட பீச்சர், 1956ல் இன்னொரு ஒப்பீடும் செய்தார். ஊரில் திட்டமிட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பொதுமக்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வலி மருந்து கேட்டார்கள். சிப்பாய்களில் கேட்டவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். வெட்டு என்னவோ சிப்பாய்க்குத்தான் பெரிசு. ஆனா அந்தக் காயம் அவனுக்கு வீட்டுக்குப் போற டிக்கெட். உயிர் பிழைச்சாச்சு, சண்டை முடிஞ்சது. ஊரில் இருப்பவருக்கோ ஆபரேஷன் என்பது வாழ்க்கையில் விழுந்த இடி. காயத்துக்கு அந்த ஆள் கொடுக்கும் அர்த்தம் வலியின் அளவை மாத்துது என்றார் பீச்சர்.

டெகார்ட்டின் கயிற்றில் விழுந்த முதல் பெரிய வெட்டு இது.

அதே 1944ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இன்னொருவர். இவரைப் பத்தி மட்டும் கொஞ்சம் விரிவா எழுதுறேன், ஏன்னா எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள். பெயர் ஜான் பொனிக்கா. 1917ல் இத்தாலியின் ஃபிலிகூடி என்ற சின்னத் தீவில் பிறந்து, சிறுவனாக நியூயார்க் வந்தவர். குடும்பத்தில் பணம் இல்லை. மருத்துவம் படிக்கக் காசு வேணும். மனுஷன் என்ன பண்ணார் தெரியுமா? முகமூடி போட்டுக்கிட்டுத் தொழில்முறை மல்யுத்தம் செய்தார்! பகலில் மருத்துவ மாணவர், மற்ற நேரத்தில் குஸ்தி. (நம்ம ஊரில் இதை சினிமாவா எடுத்தா லாஜிக் இல்லைன்னு சொல்வோம்.)

27 வயதில் டகோமா நகருக்கு அருகே ஒரு பெரிய ராணுவ மருத்துவமனையில் மயக்கவியல் பொறுப்பு. ஊசி போட்டு நரம்பை மரத்துப்போக வைப்பதில் கில்லாடி. ஆனா போரிலிருந்து திரும்பிய சில சிப்பாய்களுக்கு எந்த ஊசியும் கேட்கலை. பொனிக்கா புத்தகங்களைப் புரட்டினார், உருப்படியா எதுவும் இல்லை. நரம்பியல், எலும்பு, மனநல நிபுணர்களிடம் போய்க் கேட்டார். ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க துண்டு மட்டும்தான் தெரிஞ்சது. யானையைத் தடவிய குருடர் கதைதான். அப்புறம்தான் எல்லாரையும் ஒண்ணா உட்கார வச்சு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கஷ்டமான நோயாளிகளைப் பத்திப் பேச ஆரம்பிச்சார்.

அந்தச் சாப்பாட்டு மேஜைதான் இன்றைய "பெயின் கிளினிக்"கின் ஆரம்பம். 1953ல் வலி சிகிச்சை பற்றி ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் ஒரு நூலை வெளியிட்டார். 1960களின் தொடக்கத்தில் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், மயக்கவியல், நரம்பு அறுவை சிகிச்சை, செவிலியம், உளவியல் எல்லாம் ஒரே கூரையின் கீழ் வேலை செய்யும் வலி மையத்தை உருவாக்கினார். மல்யுத்தத்தில் பட்ட அடிகளால் அவரே வாழ்நாள் முழுக்க வலியோடு இருந்தவர், பல அறுவை சிகிச்சைகள் செய்துகொண்டவர் என்பதையும் சேர்த்துப் பாருங்க.

இந்தப் பக்கம் பொனிக்கா மேஜையைப் பெரிசாக்கிக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் இன்னொரு அணி வேறு மாதிரி யோசித்தது.

1959ல் ஜார்ஜ் எங்கல் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். ஃப்ராய்டின் வழியில் வந்த சிந்தனை. சில பேர் "வலிக்கு ஆட்படும் சுபாவம்" உள்ளவர்கள். குழந்தைப் பருவத்துக் குற்ற உணர்ச்சி, தண்டனை, அடக்கிய கோபம் எல்லாம் வலியா வெளியே வருது என்றார். எங்கல் கெட்ட எண்ணத்தில் எழுதலை. சொல்லப்போனா இதே எங்கல்தான் 1977ல், நோயை உடல், மனம், சமூகம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கணும் என்ற புகழ்பெற்ற கட்டுரையை எழுதியவர். ஆனா 1959ல் எழுதியது ஊரெல்லாம் பரவி, எளிமையாகி, கடைசியில் "காரணம் தெரியாத வலின்னா நோயாளியோட மனசுதான் காரணம்" என்று ஆயிப்போச்சு.

1982ல் ப்ளூமர், ஹைல்ப்ரான் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு படி மேலே போனார்கள். நாள்பட்ட வலி என்பதே மாறுவேஷத்தில் இருக்கும் மனச்சோர்வு நோய்தான் என்றார்கள். நோயாளி "எனக்கு மனசு நல்லாத்தான் இருக்கு, முதுகுதான் வலிக்குது" என்று சொன்னா, அதுவே மனச்சோர்வை மறைப்பதற்கான அடையாளம்!

எப்படித் தப்பிப்பீங்க? ஆமான்னு சொன்னாலும் மாட்டினீங்க, இல்லைன்னு சொன்னாலும் மாட்டினீங்க. அடுத்த இரண்டு வருஷத்துக்குள் சக ஆய்வாளர்கள் இந்த வாதத்தைக் கடுமையாக விமர்சித்தார்கள். 1997ல் ஃபிஷ்பெய்ன் என்பவரின் குழு அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெரும்பாலும் வலி முதலில் வருகிறது, மனச்சோர்வு அதன் பின்னால் வருகிறது என்ற பக்கம்தான் தராசு சாய்ந்தது. வெயர் மிட்செல் 1872லேயே எழுதியது.

இதற்கு நடுவில் பொனிக்காவின் சியாட்டில் மையத்தில் வில்பர்ட் ஃபோர்டைஸ் என்ற உளவியலாளர். இவர் மனசுக்குள்ள என்ன இருக்குன்னு தோண்டவே இல்லை. "வலி எங்கே இருந்து வருதுங்கிற சண்டை எனக்கு வேண்டாம், அந்த ஆளோட ஒரு நாள் எப்படிப் போகுதுன்னு பார்க்கிறேன்" என்ற மாதிரி அணுகுமுறை. பார்த்தார். வலிச்சா மாத்திரை கிடைக்குது. வலிச்சா நர்ஸ் வந்து அன்பாப் பேசுறாங்க. வலிச்சா ஓய்வு. வலிக்காத நேரத்தில் யாரும் எட்டிக்கூடப் பார்க்கிறதில்லை. அப்போ உடம்பு எதைக் கத்துக்கும்?

தலைகீழா மாத்தினார். மாத்திரை வலிக்கும்போது இல்லை, கடிகாரம் பார்த்துக் குறிச்ச நேரத்துக்கு. "வலிக்கிற வரைக்கும் நட" இல்லை. இன்னிக்கு இவ்வளவு தூரம், வலிச்சாலும் இல்லாட்டியும், நாளைக்குக் கொஞ்சம் கூட. பல வருஷமாப் படுத்த படுக்கையாகவே இருந்தவர்கள் எழுந்து நடமாடத் தொடங்கினார்கள். 1968லிருந்து இதை எழுதத் தொடங்கி, 1976ல் நூலாகவே போட்டார்.

என் கருத்து: ஃபோர்டைஸ் பாதி சரி. இன்னிக்கு வரைக்கும் பிசியோதெரபியில் நாம பயன்படுத்துற "கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டு" முறை அவர் கொடுத்த சொத்து. ஆனா புரியாம பின்பற்றிய இடங்களில் அது "வலின்னு சொன்னா கண்டுக்காதே" என்ற கொடுமையாகவும் மாறியது.

சரி, அறிவியல் பக்கம் என்ன ஆச்சு? 1965ல் கனடாவின் ரொனால்ட் மெல்ஸாக், பிரிட்டனின் பேட்ரிக் வால் இருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை போட்டார்கள். தண்டுவடத்தில் ஒரு கதவு இருக்கு, வலிச் செய்தி அந்தக் கதவைத் தாண்டித்தான் மேலே போகணும், மூளையால் அந்தக் கதவை மேலிருந்து திறக்கவும் மூடவும் முடியும் என்றார்கள். நுணுக்கமான விவரங்களில் பல பின்னால் தப்பு என்று தெரிந்தது. ஆனால் அடிப்படை நிலைச்சது: செய்தி ஒருவழிப் பாதை இல்லை. கயிறு கீழிருந்து மட்டும் இல்லை, மேலிருந்தும் இழுக்கப்படுது.

1969ல் ரெய்னால்ட்ஸ் என்பவர் எலியின் நடுமூளையில் ஒரு குறிப்பிட்ட இடத்தை மின்சாரத்தால் தூண்டிவிட்டு, மயக்க மருந்தே இல்லாமல் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்து காட்டினார். மூளைக்குள்ளேயே வலியை அடக்கும் ஏற்பாடு இருக்கு என்பதற்கு அது நேரடிச் சாட்சி. அங்கிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வரும் பாதைகளில் வேலை செய்யும் ரசாயனங்களில் முக்கியமானவை செரட்டோனினும் நார்அட்ரினலினும்.

இந்த இரண்டு பேரையும் எங்கேயோ கேள்விப்பட்டிருக்கோமே? ஆமாம். மனநிலைக்கான மாத்திரைகள் கைவைக்கிறதும் இதே இரண்டு ரசாயனங்களில்தான்.

மெல்ஸாக் இன்னொரு வேலையும் செய்தார். நோயாளிகள் வலியை விவரிக்கப் பயன்படுத்தும் சொற்களைச் சேகரித்தார். 1975ல் அது ஒரு கேள்வித்தாளாக வந்து, இன்னும் பயன்பாட்டில் இருக்கு. குத்துது, எரியுது என்கிற சொற்கள் ஒரு பக்கம். கொல்லுது, வாட்டுது, பயமுறுத்துது என்கிற சொற்கள் இன்னொரு பக்கம். முதல் வகை உணர்வு, இரண்டாவது வகை அந்த உணர்வு ஆளை என்ன பண்ணுது என்பது.

இதைப் படிச்சப்போ எனக்குத் தோணுனது, நம்ம மொழி இதை என்னிக்கோ ஒண்ணாத்தான் வச்சிருக்கு. கால் உளைச்சல் என்கிறோம், மன உளைச்சல் என்கிறோம். உடம்பு நோகுது, மனசு நோகப் பேசாதே என்கிறோம். இலங்கைத் தமிழர்கள் இன்னும் வலியை "நோ" என்றே சொல்கிறார்கள். தலையிடி, வயித்து நோ. ஒரே வேர், இரண்டு இடத்திலும்.

1997ல் பியர் ரெய்ன்வில் என்பவரின் குழு மான்ட்ரியலில் இதை மூளைப் படமாகவே காட்டியது. ஆட்களின் கையைச் சுடுநீரில் வைக்கச் சொல்லி, ஹிப்னாட்டிசம் மூலம் "இது எவ்வளவு வேதனையா இருக்கு" என்பதை மட்டும் கூட்டிக் குறைத்தார்கள். நீரின் சூடு அதே சூடுதான். சூட்டை அளக்கும் மூளைப் பகுதி பெரிசா மாறலை. வேதனையோடு தொடர்புடைய முன்பகுதி ஒன்று மட்டும் ஏறி இறங்கியது. மனநிலை வலியின் மேல் பூசிய சாயம் இல்லை. வலி உருவாகும்போதே அதில் ஒரு பங்கு.

இப்போ மாத்திரைக்கு வருவோம்.

1950களின் நடுவில் சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் என்ற மனநல மருத்துவர், இமிப்ரமின் என்ற மருந்து மனச்சோர்வுக்கு வேலை செய்வதைக் கண்டுபிடித்து 1957ல் வெளியிட்டார். மூணே வருஷத்தில், 1960ல், பிரான்ஸில் சில மருத்துவர்கள் அதையே வலிக்குக் கொடுத்துப் பார்த்துப் பலன் இருக்கு என்று எழுதினார்கள். 1961ல் அமெரிக்காவில் அமிட்ரிப்டிலின் சந்தைக்கு வந்தது. அதையும் வலி மருத்துவர்கள் எடுத்துக்கிட்டாங்க.

அப்போ எல்லாரும் நினைச்சது: மனச்சோர்வு குறையுது, அதனால வலி குறையுது. "வலியே மனச்சோர்வுதான்" என்ற அணிக்கு இது கொண்டாட்டம். மனநோய் மாத்திரை கேட்குதுன்னா அது மனநோய்தானே!

1982ல் டொரான்டோவில் பீட்டர் வாட்சன் என்பவரின் குழு, அக்கி வந்து போன பிறகு மாதக்கணக்கில் எரியும் வலி உள்ள 24 பேரை எடுத்துக்கொண்டது. ஒரு கட்டத்தில் அமிட்ரிப்டிலின், இன்னொரு கட்டத்தில் டம்மி மாத்திரை. யாருக்கு எது எப்போன்னு யாருக்கும் தெரியாது. 24 பேரில் 16 பேருக்கு நல்ல நிவாரணம். அவர்களில் பெரும்பாலானோருக்கு மனச்சோர்வு அளவீட்டில் மாற்றமே இல்லை. பல பேருக்கு மனச்சோர்வே கிடையாது!

1987ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் மிட்செல் மேக்ஸின் குழு, சர்க்கரை நோயால் கால் எரிச்சல் உள்ளவர்களிடம் இதையே செய்தது. மனச்சோர்வு இருந்தவர்களுக்கும் வலி குறைந்தது, இல்லாதவர்களுக்கும் குறைந்தது. 1992ல் அதே குழு இன்னும் அழகான ஒரு ஆய்வு செய்தது. அமிட்ரிப்டிலினும் அதன் உறவுக்கார மருந்தான டெசிப்ரமினும் கால் எரிச்சலைக் குறைத்தன. ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற, மனச்சோர்வுக்கு உலகமே பயன்படுத்தும் மருந்தோ, மொத்தத்தில் டம்மி மாத்திரையைத் தாண்டலை.

இதை நின்னு யோசிச்சுப் பாருங்க. மனச்சோர்வை நீக்குவதால்தான் வலி குறையுதுன்னா, ஃப்ளூவாக்ஸெட்டினும் ஜெயிச்சிருக்கணும். ஜெயிக்கலை. ஏன்னா அது முக்கியமா செரட்டோனினை மட்டும் தொடுது. மற்ற இரண்டும் நார்அட்ரினலினையும் தொட்டு, மூளையிலிருந்து இறங்கும் அந்தப் பழைய பாதையை வலுவாக்குது.

மனச்சோர்வுக்கு அமிட்ரிப்டிலின் பெரும்பாலும் 75 மில்லிகிராமும் அதற்கு மேலும் தேவைப்படும். வலிக்கு நாங்க ஆரம்பிக்கிறது 10 மில்லிகிராம். மெடிக்கல் கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. அந்த மாத்திரை மனச்சோர்வுக்கும் உண்டு. ஆனா உங்களுக்குக் கொடுத்தது உங்க நரம்புக்கு.

"அப்போ மனசுக்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லைன்னு சொல்றீங்களா டாக்டர்?"

இல்லீங்க, அதுவும் தப்பு. இங்கேதான் பலர் மறுபக்கம் சறுக்குறாங்க. வலியும் மனச்சோர்வும் சேர்ந்திருக்கும் ஆட்களிடம் மனச்சோர்வை முறையாகச் சிகிச்சை செய்தா வலியும் குறையுமா? 2003ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மனச்சோர்வும் மூட்டு வாதமும் சேர்ந்திருந்த 60 வயதைக் கடந்த 1001 பேரைப் பார்த்தார்கள். ஒரு பாதிக்கு மனச்சோர்வுக்கான முறையான தொடர் கவனிப்பு, மறுபாதிக்கு வழக்கமான கவனிப்பு. ஒரு வருஷம் கழிச்சு, முதல் குழுவுக்கு மனச்சோர்வோடு மூட்டு வலியும் குறைந்திருந்தது. அன்றாட வேலைகளைச் செய்யவும் சுலபமா இருந்தது. மூட்டைத் தொடவே இல்லை!

2009ல் கர்ட் க்ரோயன்கே என்பவரின் குழு 250 பேரிடம், மனச்சோர்வு மருந்தைச் சரியாக அமைத்ததோடு, வலியோடு வாழும் பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்தது. மனச்சோர்வு நன்றாகவே குறைந்தது. வலி ஓரளவு குறைந்தது. "ஓரளவு" என்பதை அழுத்திச் சொல்றேன். மனசைச் சரி பண்ணா வலி பறந்துடும்னு யாராவது யூட்யூபில் சொன்னா நம்பாதீங்க.

இவ்வளவு தெரிஞ்ச பிறகு அமெரிக்கா என்ன செய்தது? எல்லாத்தையும் மறந்தது.

1990களில் வலியை 0 முதல் 10 வரை ஒரு எண்ணாகச் சுருக்கினார்கள். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் மாதிரி அதையும் ஒரு அளவாகக் குறிக்கணும் என்றார்கள். நோக்கம் நல்லதுதான், வலி கவனிக்கப்படணும். ஆனா எண் வந்ததும் கேள்வி மாறிடுச்சு. "உங்க வாழ்க்கை எப்படிப் போகுது?" போய், "8ஐ எப்படி 3 ஆக்குறது?" வந்தது. அதற்குப் பதில் சொல்ல 1996ல் ஆக்ஸிகான்ட்டின் என்ற ஓப்பியாய்டு மாத்திரை தயாராக இருந்தது. அடிமையாகும் ஆபத்து குறைவு என்று சொல்லி விற்றார்கள். 2007ல் அந்த நிறுவனம், மருந்தைப் பற்றித் தவறான தகவல் தந்ததாக நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் ஊர் எரிஞ்சு போச்சு.

இதில் மனநிலைக்கு என்ன வேலைன்னு கேட்பீங்க. மார்க் சல்லிவன் போன்ற ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் காட்டிய விஷயம்: நீண்ட காலம் ஓப்பியாய்டு எழுதப்பட்டவர்களில் மனச்சோர்வு உள்ளவர்கள் அதிகம். யாருக்கு அது அதிக ஆபத்தோ அவங்களுக்கே அதிகம் போய்ச் சேர்ந்தது. காரணம் புரிஞ்சுக்க முடியுது. மனச்சோர்வில் இருப்பவருக்கு வலி உண்மையிலேயே கூடுதல். அவர் படும் பாட்டைப் பார்த்து டாக்டர் டோஸைக் கூட்டுவார். ஓப்பியாய்டு மன வேதனையையும் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும். அப்புறம் அதுவே தேவையாகிடும்.

அதே காலத்தில்தான், பொனிக்கா பாணியில் எல்லாரும் சேர்ந்து உட்காரும் மையங்கள் அமெரிக்காவில் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. உளவியலாளர் ஒரு மணி நேரம் பேசுவதற்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தராது. ஊசிக்கும் மாத்திரைக்கும் தரும். (நம்ம ஊர்க் காப்பீட்டிலும் இதைத் தேடிப் பாருங்க, கிட்டத்தட்ட அதே கதைதான்.) 2018ல் வெளியான ஒரு வருட ஆய்வில், முதுகு வலியும் மூட்டு வலியும் உள்ள 240 முன்னாள் படைவீரர்களிடம் ஓப்பியாய்டு மற்ற வலி மருந்துகளை விட எந்த விதத்திலும் மேலாக இல்லை என்று தெரிந்தது.

நம்ம ஊரில் அந்த அளவு ஓப்பியாய்டு இல்லை. இங்கே வேற வியாதி. வலி ஊசி. வாரத்துக்கு ரெண்டு "பெயின் கில்லர் ஊசி" போட்டுக்கிட்டு, சிறுநீரகம் கெட்ட பிறகு வர்றவங்களை எந்த அரசு மருத்துவமனை வார்டிலும் பார்க்கலாம். அவங்ககிட்ட "தூக்கம் வருதா? மனசு எப்படி இருக்கு?" என்று கேட்ட ஆள் யாரும் இருந்திருக்க மாட்டாங்க.

இன்றைய நிலவரம்: பொனிக்காவின் முயற்சியில் 1970களில் உருவான உலக வலி ஆய்வுச் சங்கம், 1979ல் வலிக்கு எழுதிய விளக்கத்திலேயே, அது உடல் உணர்வும் மன உணர்ச்சியும் சேர்ந்த ஓர் அனுபவம் என்று வைத்தது. 2020ல் திருத்தி எழுதியபோதும் அந்த இரண்டையும் பிரிக்கவில்லை. பிரிட்டனின் 2021 வழிகாட்டி, தெளிவான காரணம் தெரியாத நாள்பட்ட வலிக்கு உடற்பயிற்சி, உளவியல் சிகிச்சை, மனச்சோர்வு மாத்திரைகளில் சில, இவற்றைப் பரிசீலிக்கச் சொல்கிறது. பாரசிட்டமாலையும் ஓப்பியாய்டுகளையும் அதற்காகத் தொடங்க வேண்டாம் என்கிறது.

மாத்திரைக்கு வக்காலத்து வாங்குறேன்னு நினைக்காதீங்க. 2023ல் வந்த காக்ரேன் தொகுப்பு, 176 ஆய்வுகளை அலசிவிட்டு, துலாக்ஸெட்டின் என்ற மருந்துக்குத்தான் ஓரளவு உறுதியான ஆதாரம் இருக்கு என்றது. நம்ம அமிட்ரிப்டிலினுக்கான ஆய்வுகள் எல்லாம் சின்னதா, பழசா இருக்கு, உறுதியாச் சொல்ல முடியலை என்றது. சிலருக்கு நல்லாக் கேட்கும், சிலருக்குச் சுத்தமாக் கேட்காது. கேட்கலைன்னா மாத்தணும், வருஷக்கணக்கில் இழுக்கக் கூடாது.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இதை எழுதியிருந்தா, சில விஷயம். அமிட்ரிப்டிலின் ராத்திரியில் எடுப்பது. முதல் சில நாள் காலையில் தூக்கக் கலக்கமும் வாய் வறட்சியும் இருக்கும், வண்டி ஓட்டுறவங்க ஜாக்கிரதை. பலன் தெரிய ரெண்டு மூணு வாரம் ஆகலாம். கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் சிக்கல், இதயத் துடிப்புப் பிரச்சினை இருந்தா டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க. வேற மனநல மாத்திரையோ டிரமடாலோ எடுத்தா அதையும் சொல்லுங்க. எந்த மாத்திரையா இருந்தாலும் பல மாசம் எடுத்துட்டு ஒரே நாளில் நிறுத்தாதீங்க, படிப்படியாக் குறைக்கணும். "இதை எதுக்கு எழுதினீங்க, வலிக்கா மனசுக்கா?" என்று கேளுங்க. கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு, பதில் சொல்லாத டாக்டரை மாத்தவும் உரிமை இருக்கு.

வலியோடு சேர்ந்து தூக்கம் போச்சு, எதிலும் பிடிப்பில்லை, வாழவே பிடிக்கலைன்னு தோணுதுன்னா அதை வலி டாக்டர்கிட்டயே வாய்விட்டுச் சொல்லுங்க. "முதுகுக்கு வந்துட்டு இதை எப்படிச் சொல்றது"ன்னு தயங்க வேண்டாம். உடனே யார்கிட்டயாவது பேசணும்னா தமிழ்நாட்டில் 104, தேசிய அளவில் டெலி மானஸ் 14416. ரெண்டும் இலவசம், தமிழில் பேசலாம்.